பத்தாயிரத்து இருபத்தைந்து

ஆண்டுக் கணக்கு முடிப்பு, அது முடிந்தால் ஆடிட், அது முடிந்தால் ஆடிட்டுக்குப் பதில் எழுதுவது என்று ஆபீசில் ஆணி ரொம்பவே அதிகம். அதனால்தான் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. "ஆளையே காணோமே, திருவனந்தபுரம் தண்ணி ஒத்துக்கலையா?" என்று தனிமடலில் விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. வீட்டில் வேறு ஒரு கவலை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

பாப்பா மூன்றாம் வகுப்பு. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கையில் கொடுத்து, "நூற்றி இருபத்தஞ்சு எழுதும்மா" என்றேன். எழுதினாள்: 10025. 

"இது பத்தாயிரத்து இருபத்தஞ்சு. சரியா எழுது."

மறுபடியும் 10025. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பகல் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுகிற ஆள், சாயங்காலம் சொந்தப் பெண்ணுக்கு ஒரு மூன்றிலக்க எண் வரவில்லை என்றால்? தலையில் ஒரு குட்டு வைத்தேன். மூன்றாவது தடவை அவள் எதுவும் எழுதவில்லை. பென்சிலை நோட்டின் மேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தங்கமணி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதையேதான் சொன்னார். "மோள்க்கு கணக்கு ஒட்டும் சரியாவுன்னில்ல, சாரே." மற்ற பாடமெல்லாம் பரவாயில்லையாம். கதை சொல்லச் சொன்னால் மூன்று மொழியில் சொல்கிறாளாம். கணக்கு மட்டும் சுத்தமாக வரவில்லை.

இனி கொஞ்சம் பேங்க் கதை. ஒரு செக்கில் தொகையை எண்ணாலும் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எது செல்லும்? 1881ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டம், 18வது பிரிவு, எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. (நடைமுறையில் நாங்கள் செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம், அது வேறு விஷயம்.) எண்ணை எழுதும்போது கை தவறலாம், ஒரு சைபர் கூடலாம், குறையலாம். சொல்லில் அவ்வளவு சுலபமாகத் தவறு வராது. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

ஒருநாள் கவுண்டரில் ஒரு செக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பாப்பாவுக்கு வாயால் நூற்றி இருபத்தைந்து தெரியும். நூறு ரூபாயும் இரண்டு பத்து ரூபாயும் ஐந்து ரூபாய்க் காசும் எடுத்துக்கொடு என்றால் கொடுப்பாள். அவளுக்குத் தகராறு எண்ணோடு இல்லை, எண்ணை எழுதுகிற முறையோடுதான். நூறு என்று கேட்டதும் 100 எழுதினாள், இருபத்தைந்து என்று கேட்டதும் பக்கத்திலேயே 25 எழுதினாள். காதில் விழுந்ததை அப்படியே எழுதினாள்.

இதை நம் முன்னோர்கள் செய்திருக்கிறார்கள் தெரியுமா? கும்பகோணம் பக்கத்துக் கிளையில் இருந்தபோது அடமானக் கடனுக்காகப் பழைய மூலப் பத்திரங்களை நிறையப் படித்திருக்கிறேன். அதில் தமிழ் எண்கள் வரும். பத்துக்குத் தனிக் குறி ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பழைய முறையில் நூற்று இருபத்தைந்தை ௱௨௰௫ என்று எழுதுவார்கள். நூறு, இரண்டு பத்து, ஐந்து. வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுதிவிடலாம், சைபரே தேவைப்படாது. இப்போது நாம் எழுதும் 125இல் நூறும் இல்லை, பத்தும் இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து நாமாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இடமதிப்பு முறை இந்தியாவில் வளர்ந்து அராபியர் வழியாக உலகம் முழுக்கப் போனது. ஐரோப்பியர்கள் ரோமன் எண்களை விட்டு இதற்கு மாறுவதற்கே சில நூற்றாண்டுகள் பிடித்தன. ஐரோப்பாவுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரவில்லை என்று நான் குட்டினேன்.

சரி, அந்தக் காலத்தில் கணக்கு வராத பிள்ளைகளை என்ன செய்தார்கள்?

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கணக்குதான் முக்கியப் பாடம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாகப் போகும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. நெல்லிலக்கத்தில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று மேலே மேலே போய் கலத்தில் முடியும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாயால் முறை சொல்லி, மனப்பாடம் செய்ய வேண்டும். இதில் ஒரு நல்லது இருந்தது. நாழியும் உழக்கும் வீட்டு நெற்குதிர் பக்கத்தில் கிடக்கும் பொருள்கள். பிள்ளை கையால் அளந்து பார்த்ததையே வாயால் சொன்னது. கெட்டதும் இருந்தது. முறை தவறினால் பிரம்பு. அதற்கும் மேலே கோதண்டம் என்று கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனை. தாங்காத பிள்ளை ஓடிப்போய்விடும். மாடு மேய்க்கவோ ஏர் பிடிக்கவோ போகும். அப்புறம் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் யோசிக்கவே மாட்டார்கள். (அந்தத் திண்ணைக்கும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகளும் போக முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.)

அந்தத் திண்ணையிலிருந்து ஒரு சமாச்சாரம் கப்பலேறியது. எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதையே செய்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் வைத்தார். ஊருக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே அது பரவியது. நூற்றைம்பது வருஷம் கழித்து எதிர்த்திசையிலிருந்து ஒன்று சென்னைக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கு வராத பிள்ளை கண்ணில் படவேண்டும் என்றால் முதலில் எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வரவேண்டும். இந்த விஷயத்தில் நான் இப்போது இருக்கிற ஊர் முன்னோடி. திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817லேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு பிள்ளை சும்மா காணாமல் போய்விட முடியாது. பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்தே தீரும். அப்போதுதான் கேள்வி வருகிறது: எல்லாம் வருகிறது, கணக்கு மட்டும் வரவில்லை, இந்தப் பிள்ளைக்கு என்ன?

இதற்கு ஒரு பெயர் கிடைக்கவே ரொம்ப நாளாயிற்று. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், ஆனால் வாசிக்க வராது. அதே பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது, பெரிய பெருக்கல் எல்லாம் போட்டான். எழுத்தும் எண்ணும் மூளையில் ஒரே அறையில் குடியிருக்கவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். வியன்னாவில் ஜோசப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் டாக்டர் 1924 முதல் இன்னொரு விநோதத்தைப் பற்றி எழுதினார். மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடிபட்டவர்களுக்குத் தங்கள் விரல்களையே அடையாளம் சொல்ல வரவில்லை, கூடவே கணக்கும் போய்விட்டது. விரலுக்கும் எண்ணுக்கும் மூளையில் ஏதோ உறவு இருக்கிறது. "விரல் விட்டு எண்ணாதே" என்று பிள்ளைகளை அதட்டும் நாம் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம். 

கெர்ஸ்ட்மன் எழுதியது, இருந்ததைப் பின்னால் இழந்தவர்களின் கதை. பிறவியிலேயே இந்தச் சிக்கலோடு வரும் பிள்ளைகளைப் பற்றி 1974இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் செக்கோஸ்லோவாகியாவின் லாடிஸ்லாவ் கோஷ்ச். பிராட்டிஸ்லாவா நகரத்தில் 375 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, சுமார் 6 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்றார். டிஸ்கால்குலியா என்ற பெயர் அதற்கப்புறம்தான் பரவலானது. பொதுவான புத்தியில் குறை இருக்காது, எண் மட்டும் பிடிபடாது. மூன்று புள்ளியைப் பார்த்தால் நமக்கு எண்ணாமலே மூன்று என்று தெரியும். இந்தப் பிள்ளைகளில் சிலர் அதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் சொல்வார்கள். ஒரு கிளாசில் 40 பேர் என்றால் இரண்டு பேர் இப்படி இருக்கலாம். நாம் படித்த கிளாசை நினைத்துப் பாருங்கள். கடைசி பெஞ்சில் யாராவது ஞாபகம் வருகிறார்களா?

நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. மாநிலங்களில் மகாராஷ்டிரம் முந்திக்கொண்டது. 1996 முதல் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகைகள் வந்தன. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள். கணக்கைப் பொறுத்தவரை அல்ஜீப்ரா, ஜியோமெட்ரிக்குப் பதில் ஏழாம் வகுப்பு அளவுக் கணக்கும் ஒரு வேலைக்கல்விப் பாடமும் எடுக்கலாம். மும்பையில் சயான் மருத்துவமனை மாதிரி இடங்களில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே கதவைத் திறந்துவிட்டது. குறை சொல்லவில்லை.

ஆனால் ஒரு பேங்க்காரன் மூளை வேறு மாதிரி யோசிக்கிறது. 2008இல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தபோது நான் கிராமக் கிளையில் ஜூனியர் ஆபீசர். பட்டியல் ஒட்டிய அன்று கிளை முன்னால் திருவிழாக் கூட்டம். கடன் போனது நிஜம், அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியும் நிஜம். ஆனால் தள்ளுபடியால் கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை. அடுத்த போகத்துக்கு அதே ஆள்கள் அதே கிளைக்கு வந்தார்கள். பரீட்சைச் சலுகையும் இப்படித்தான். பாஸ் மார்க்குக்கு அது உதவும். கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்க, பஸ் நேரம் பார்க்க, மாதச் சம்பளத்தைப் பிரித்து வைக்க அந்தப் பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் உண்டு.

அப்படி உட்கார்ந்து சொல்லித்தருகிற வேலையையும் சிலர் சத்தமில்லாமல் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவானது. பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 'அனன்யா' என்று ஒரு மையம் நடத்தி, பிள்ளைகளைக் கொஞ்ச காலம் அங்கே படிக்கவைத்து மறுபடி சாதாரணப் பள்ளிக்கே அனுப்பினார்கள். 2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' வந்தபோதுதான் நம்மில் பல பேருக்கு இந்த விஷயமே தெரியும். அந்தப் படத்தில் ஈஷான் 3 பெருக்கல் 9க்குக் கிரகங்களை மோதவிட்டு 3 என்று விடை எழுதுவான். தியேட்டரில் எல்லாரும் சிரித்தோம். ஆனாலும் படம் அதிகம் பேசியது வாசிப்பைப் பற்றித்தான். அதற்கப்புறமும் டிஸ்லெக்சியா என்ற வார்த்தை ஊருக்குள் புழங்கியதே தவிர, டிஸ்கால்குலியா என்றால் டீச்சர்களே "அப்படின்னா?" என்று கேட்கிறார்கள்.

சட்டம் திருந்த இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று. 2016 டிசம்பரில் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை 21 ஆனது. கற்றல் குறைபாடு உள்ளே வந்தது, அதன் விளக்கத்தில் டிஸ்கால்குலியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. இந்தச் சட்டத்தை நான் கடன் ஒப்பந்தம் படிக்கிற மாதிரி வரிவரியாகப் படித்தேன். பிரிவு 17இல் சலுகைகள் இருக்கின்றன: கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. இதற்கு முந்தின பிரிவு 16இல், ஆறாவது உட்பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதைத் தாண்டிவர ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும். 

அதாவது சட்டம் முதலில் சொல்லித்தரச் சொல்கிறது, அப்புறம்தான் சலுகை கொடுக்கச் சொல்கிறது. நாம் 17ஐப் பிடித்துக்கொண்டு 16ஐ விட்டுவிட்டோம். சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்று கேட்கிற பெற்றோரை நிறையப் பார்க்கிறேன் (நானும்தான்). என் பிள்ளைக்குக் கணக்கை வேறு எப்படிச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேட்டவர் யாரையும் பார்க்கவில்லை.

வேறு எப்படிச் சொல்லித்தருவது? இங்கேதான் சென்னைக்கு வந்த அந்தப் பொருள்.

19ஆம் நூற்றாண்டில் பாரிசில் எத்வார் செகுவின் என்பவர், புத்தி வளர்ச்சி இல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தார். கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பது அவர் வழி. அவர் எழுதியதைப் படித்துத்தான் மரியா மாண்டிசோரி 1900 வாக்கில் ரோமில் அதே போன்ற பிள்ளைகளோடு வேலையைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தேறியதைப் பார்த்து, 1907 முதல் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே வழியைக் கொண்டுபோனார். நம் ஊரில் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி என்று பெயரெடுத்த மாண்டிசோரி முறையின் வேர், ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் இருக்கிறது.

1939இல் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். வயது 69. நவம்பரில் தொடங்கிய முதல் பயிற்சிக்கு நாடெங்கும் இருந்து சுமார் 300 பேர். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர், 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டுக்காரர் ஆகி இங்கேயே மாட்டிக்கொண்டார். கொடைக்கானலிலும் சில வருஷம். 1946இல்தான் ஊர் திரும்பினார்.

அவருடைய கணக்குச் சாமான்களில் ஒன்று தங்கநிற மணிகள். ஒரு மணி ஒன்று. பத்து மணியைக் கம்பியில் கோத்தால் ஒரு பத்துக் கோல். பத்துக் கோலைச் சேர்த்தால் நூறு என்ற சதுரம். பத்துச் சதுரத்தை அடுக்கினால் ஆயிரம் என்ற கட்டி. கூடவே எண் அட்டைகள். 100 அட்டை மூன்று இலக்க அகலம், 20 அட்டை இரண்டு இலக்க அகலம், 5 அட்டை ஒரு இலக்கம். 100க்கு மேல் 20ஐயும் அதற்கு மேல் 5ஐயும் வலது ஓரம் ஒட்டி வைத்தால் சைபர்கள் மறைந்து 125 தெரியும். அட்டையை எடுத்தால் அடியில் நூறு பத்திரமாக இருக்கும். பத்துக்கு மேற்பட்ட எண்களைச் சொல்லித்தரும் பலகை ஒன்றும் உண்டு. அதை இன்றும் செகுவின் பலகை என்றுதான் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாப்பா எழுதிய 10025க்கு நேரான மருந்து, 1939லேயே அடையாறு வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக இந்த வழி பிறந்ததோ, அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

திருவனந்தபுரத்திலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று 17 கேள்வியில் பார்க்கும் ஓர் அட்டவணையை 1991இல் வெளியிட்டார்கள். அதன் பெயரே டிரிவாண்ட்ரம் அட்டவணை. அங்கன்வாடி ஊழியரே பயன்படுத்தக்கூடிய அளவுக்கு எளிமையானது. கைக்குழந்தைக்கு இவ்வளவு அக்கறை காட்டிய ஊர் இது. ஆனால் கணக்குச் சிக்கல் இரண்டு வயதில் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில்தான் தலைகாட்டும். அங்கே கவனிக்க வேண்டியவர் டாக்டர் இல்லை, வகுப்பு டீச்சர்.

மூளைச் சிக்கலையும் மொழிக் குழப்பத்தையும் பிரித்துப் பார்க்கவும் அந்த டீச்சருக்குத்தான் முடியும். எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம். தமிழிலும் மலையாளத்திலும் இருபது என்றால் இரு பத்து, வெளிப்படையாகத் தெரிகிறது. 'சிக்ஸ்டீன்' என்று சொல்லும்போது ஆறு முதலில் வருகிறது, எழுதும்போது ஒன்று முதலில் வருகிறது. பாப்பா 61 என்று எழுதிவிடுவாள். நம் மொழியிலும் பொறி இல்லாமல் இல்லை. எண்பது வரை ஒழுங்காக வந்து திடீரென்று தொண்ணூறு, தொள்ளாயிரம்! ஒன்பதைச் சொல்லும்போதே அடுத்த வீட்டு நூறையும் ஆயிரத்தையும் இழுத்துக்கொள்கிறோம். அங்கேயும் தடுமாறினாள். இப்படி எழுதும் எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்கால்குலியா என்று சொல்லிவிட முடியாது. நிறையப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் தாமாகவே சரியாகிவிடும். சொல்லித்தந்தும் மாசக்கணக்கில் மாறவில்லை என்றால்தான் சோதிக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்தோம்? ஈர்க்குச்சிகளைச் சமமாக நறுக்கினோம். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். பத்துக் கட்டைச் சேர்த்து இன்னொரு பெரிய ரப்பர் பேண்ட். பேங்க்கில் 100 நோட்டு ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டில் என்று கட்டுகிற அதே வேலைதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எண் அட்டை செய்தோம். தினமும் 20 நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை (தங்கமணி உத்தரவு). விரல் விட்டு எண்ணலாம். குட்டு கிடையாது. மூன்று வாரம் கழித்து 125 சரியாக எழுதினாள். துள்ளிக் குதித்தேன். அடுத்த வாரம் முந்நூற்று ஏழுக்கு 3007 எழுதினாள். மறுபடி அட்டை, மறுபடி குச்சி. இப்போதும் தப்பு வருகிறது. ஆனால் பென்சிலை வைத்துவிட்டுச் சும்மா உட்காருவதில்லை. தப்பாக எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், "அப்பா, குச்சி எடுக்கட்டா?" என்கிறாள்.

சான்றிதழ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல், எட்டு வயதில் சோதித்துத் தரலாம், 14லும் 18லும் மறுபடி பார்க்க வேண்டும் என்றது. தங்கமணிக்குப் பயம். "பொம்பளைப் புள்ளைக்கு இப்பவே ஒரு பேப்பர் வாங்கி வச்சிட்டா, நாளைக்கு ஊருல என்ன சொல்லுவாங்க?" அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். சலுகை எதுவும் கேட்கவில்லை. பிரிவு 16, உட்பிரிவு 6ஐக் குறிப்பிட்டு, வகுப்பில் குச்சியும் அட்டையும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும், வாய்ப்பாட்டைச் சுவரில் பார்த்துச் சொல்லலாம், இவ்வளவுதான். டீச்சர் படித்துவிட்டு, வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு இது உதவும் போலிருக்கிறதே என்றார். அட்டை செட் நான்கு செய்து கொடுத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை தீர்ந்துவிட்டது!

கடைசியாக ஒன்று. எனக்கு ஒரு பெரியண்ணன். கணக்கு வராது என்று அப்பாவிடம் பிரம்படி வாங்கி வாங்கி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஊரில் வயலைப் பார்த்துக்கொள்கிறார். அவர் அடி வாங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சரியாக விடை சொல்லி நல்ல பெயர் வாங்கிய தம்பி. போன மாதம் போனில் பாப்பாவின் 10025 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "நானும் அப்படித்தான்டா தம்பி எழுதுவேன். ஏன் அப்படி எழுதுறேன்னு யாரும் கேக்கல."

அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீங்கள் செய்துபார்த்ததைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எனக்கும் உதவும்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. பி.காம். படித்த பேங்க்காரன். குச்சியும் அட்டையும் சோதனைக்கு மாற்று ஆகாது. சந்தேகம் இருந்தால் முறைப்படி காட்டுங்கள்.